போயிட்டு வரும் பெண், ஒன்று

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போனது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. முதலில் வாங்கிய நோட்டில் பேரன் யானை வரைந்துவிட்டான். இரண்டாவது நோட்டைக் கறையான் தின்றது. அப்பாடா என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், யானையும் கறையானும் என்னைத் தடுக்கவில்லை. வெட்கம்தான் தடுத்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்ற நான், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஒன்றரை வருஷம் ஊரை நம்ப வைத்திருந்தேன். கூடப் பிறந்த தங்கச்சியைக் கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வீட்டிலிருந்து திருப்பிக் கொண்டுவரும்படி ஆனதும் அதனால்தான். எந்த மனுஷன் இதைத் தானாக எழுதி வைப்பான்?

ஆனால் நடந்தது நல்லபடியாக முடிந்தது. முடித்து வைத்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. அவர்களுக்கு நான் வாயால் சொன்ன நன்றி போதாது என்று மனசு உறுத்துகிறது. அதனால் எங்கள் ஊர்ச் சிவன் மூலநாதரை வேண்டிக்கொண்டு, மூன்றாவது நோட்டில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாகூர்ப் பக்கம். அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எங்கள் சீமையின் எல்லையை யார் கோடு போட்டார்களோ தெரியாது, கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். இந்த வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இங்கிலீஷ், அதற்கடுத்த களத்துமேடு மறுபடியும் பிரெஞ்சு. மாடு மேய்ந்துகொண்டே ரெண்டு ராஜ்யம் பார்த்துவிட்டு வரும். மாட்டை யாரும் கேட்க மாட்டார்கள். மனுஷன் வண்டி கட்டிக்கொண்டு போனால் மட்டும், வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில் நிறுத்தி, என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்பார்கள். பட்டு, பீங்கான், சீமைச் சரக்கு எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து ஒளித்துக் கொண்டுபோகிறார்கள் என்று அவர்களுக்கு எப்போதும் சந்தேகம். (சந்தேகம் தப்பில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.)

ரெண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின காலம் அது. வில்லியனூர்த் தேருக்குப் போய் கோகிலாம்பாளைச் சேவித்துவிட்டு, வெளியே வந்து பொரிகடலை வாங்கினேன். தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்தால், ஏதோ பெரிய புஸ்தகத்தின் தாள். ரெண்டு பக்கமும் எறும்புக் கூட்டம் மாதிரிப் பொடி எழுத்து. பிரெஞ்சு எழுத்துத்தான், ஆனால் பிரெஞ்சு இல்லை. அம்பாள் சன்னதி வாசலில் கையில் வந்த தாளைக் கசக்கிப் போட மனசு வரவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

என் சம்சாரத்தின் தம்பி கடலூரில் கொஞ்ச நாள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனிடம் காட்டினேன். அவன் அகராதித் தாள் என்றான். அதில் என்னென்ன வார்த்தைகள் இருக்கின்றன என்று கேட்டேன்.

"ஒரே வார்த்தைதான் மாமா. 'கோ'. போறதுன்னு அர்த்தம்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். அதுக்கே இன்னும் முடியல. மிச்சம் அடுத்த தாள்ல இருக்கும்."

அந்த மிச்சத்துக்காக மறுநாளே வில்லியனூருக்கு நடந்து, அதே கடையில் பொரிகடலை வாங்கினேன். வேறு தாள் வந்தது. மறுபடி வாங்கினேன். ஏதோ ஒரு மீனின் படம் வந்தது. வயிறு உப்பி வீட்டுக்குத் திரும்பினதுதான் மிச்சம். ஒரு தாளே என் பாக்கியம் என்று அதோடு விட்டேன்.

மச்சான் மூன்று நாள் உட்கார்ந்து அர்த்தம் சொன்னான். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இங்கிலீஷ்காரனுக்குப் பால் கெட்டால் 'கோ'. மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்தால் 'கோ'. பொழுது சாய்ந்தால் 'கோ', விலை ஏறினால் 'கோ', துப்பாக்கி வெடித்தால் 'கோ'. ஒருத்தன் தூங்கினாலும், பட்டினி கிடந்தாலும், இன்னொருத்தன் மேல் பாய்ந்தாலும் அதே 'கோ'தான். பக்கத்தில் ஒரு சின்ன வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான். எப்படிப்பட்ட சிக்கனக்காரன் பாருங்கள் என்று வியந்தேன். அப்புறம் யோசித்தால், நம் வீட்டிலும் பால் திரிந்து 'போகிறது', விலை ஏறிப் 'போகிறது', பிள்ளை தூங்கிப் 'போகிறான்'. ரெண்டும் கூடப் பிறந்தவை மாதிரி இருந்தன. அன்றைக்கு எனக்கு ஒரு ஞானோதயம். இங்கிலீஷில் வேலை செய்கிற வார்த்தை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அலங்காரம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டவனுக்கு முழு இங்கிலீஷும் வந்த மாதிரி.

இந்த ஞானத்தை நான் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பாதகமில்லை. ஏர் ஓட்டும்போது மாட்டிடம் 'கோ ஆன்' என்றேன். (தார்க்குச்சிக்கு நகர்ந்த மாட்டை, இங்கிலீஷுக்கு நகர்ந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.) பொழுது சாய்ந்தால் "சன் கோ டவுன்" என்று வாய்க்கால் கரையில் நின்று அறிவிப்பேன். "பாகூர்லயே இவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்" என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். தெரிந்த இன்னும் நாலு பேர் பாகூரில் இருந்தார்கள். அவர்கள் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவில்லை, அதுதான் வித்தியாசம்.

இதற்கு நடுவில் தங்கச்சி பாக்கியத்துக்கு வரன் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், சாவடியிலிருந்து ரெண்டு மைலில் ஒரு கிராமம். நல்ல குடும்பம், கரும்பும் நெல்லுமாக நாலு கிணற்றுப் பாசனம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா உண்டு. பெரியப்பா அந்த ஊருக்கே முன்சீப், இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்த மனுஷர். நிச்சயதார்த்தத்தன்று அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. தாளில் இருந்த ஒன்றை எடுத்து, "கோயிங் வெல்" என்றேன். விவசாயம் எப்படி என்றுதான் அவர் கேட்டிருந்தாராம். முகம் மலர்ந்து தலையை ஆட்டினார். என் தலையெழுத்து, அது பொருந்திவிட்டது. அன்றைக்கே பொருந்தாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வாசற்படியைத் தாண்டுகிற யாரும் 'போறேன்' என்று சொல்லக்கூடாது. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் வீட்டில் அது சட்டம். காரணம், எங்கள் அப்பா. ஒரு ஐப்பசியில், மாட்டைத் தேடிக்கொண்டு அவசரமாக "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெண்ணையாற்றில் இறங்கினார். வெள்ளம் வந்தது. மாடு வந்தது, அப்பா வரவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்ததற்கு ஒரு சொல் என்ன செய்யும் என்று படித்தவர்கள் கேட்கலாம். எங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் என்பேன். பாக்கியத்துக்கு அப்போது மூன்று வயசு. அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை ஒற்றையாகச் சொன்னதில்லை.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில், பத்து மணிக்கு முகூர்த்தம். விடிந்ததும் புறப்பட்டோம். கூண்டு வண்டியில் பாக்கியமும் என் சம்சாரமும். பின்னால் பார வண்டியில் சீர். பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு ரெண்டு, பலகாரக் கூடைகள். அதற்குப் பின்னால் கறவை மாடும் கன்றும். அம்மா கைம்பெண் என்பதால் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. இப்போது நினைத்தால் மனசு வலிக்கிறது. வண்டி நகரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"வழியில யாரு இன்னா கேட்டாலும், எம் பொண்ணு போவுதுன்னு உன் வாயால சொல்லாதடா. போயிட்டு வருதுன்னே சொல்லு."

"சரிம்மா" என்றேன். சத்தியம் செய்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாவடிக்கு வந்தோம். அங்கே முனுசாமி என்று ஒரு சேவகர். எங்களை நன்றாகத் தெரியும். கல்யாண வண்டி என்றால் கூண்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு விட்டுவிடுவார். அன்றைக்கென்று சாவடியைப் பார்வையிட ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, வெயிலில் சிவந்த முகம். ஊருக்குப் புதுசு, தமிழ் தெரியாது.

முனுசாமி என்னைப் பார்த்து, நீ வண்டியிலேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கை காட்டினார். துரையிடம் போய், தமிழும் இங்கிலீஷுமாகக் கலந்து, "கல்யாணம் சார். பொண்ணு போவுது. கோ, சார்" என்றார்.

அவ்வளவுதான். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அம்மாவிடம் 'சரி' சொல்லிவிட்டு வந்த வாய் இன்னும் காயவில்லை, அதற்குள் ஒருத்தர் என் தங்கச்சியைப் 'போவுது' என்கிறார், அதுவும் ரெண்டு பாஷையில்! வண்டியிலிருந்து குதித்து மேஜை முன்னால் போய் நின்றேன். தாள் பூராவும் மனசில் புரட்டிப் பார்த்தேன். அத்தனை விதமான 'கோ' இருந்ததே, நம் வாசற்படியில் சொல்கிற அந்த ஒன்று மட்டும் அதில் இல்லை. வெள்ளைக்காரன் அதைப் பண்ணி வைக்கவில்லை. நானே பண்ணினேன்.

"நோ கோ" என்றேன். "கோ அண்ட் கம்."

துரை நிமிர்ந்து பார்த்தார். கூண்டு வண்டியைக் காட்டி என்னவோ கேட்டார்.

"கோ அண்ட் கம்."

பாக்கியத்தின் கழுத்து அட்டிகை, கம்மல், மூக்குத்தி, கொலுசு என்று பேனாவால் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் போட்டிருக்கிறதை மட்டும் 'போகிறது' என்று விட்டுவிடலாமா? எல்லாவற்றுக்கும் 'கோ அண்ட் கம்'. அண்டா, தவலை, விளக்கு, கோ அண்ட் கம். மாடு, கன்று. (அப்பா விஷயத்தில் மாடு மட்டும் வந்தது ஞாபகம் வந்து, அதற்கு ரெண்டு தடவை சொன்னேன்.)

முனுசாமி பின்னால் நின்று என் துண்டைப் பிடித்து இழுத்தார். "யோவ், சும்மா இருய்யா. இன்னா சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார் மெதுவாக. இங்கிலீஷ் தெரிந்தவனைப் பார்த்து அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு கையை உதறினேன். துரை கடைசியாக ஒரு நீளமான கேள்வி கேட்டார். அதில் சூரியனைக் காட்டி, அப்படியே மேற்கே கையைக் கொண்டுபோனார். நல்ல நேரம் பார்த்து வந்தீர்களா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று, "எஸ், எஸ். கோ அண்ட் கம்" என்றேன்.

அவர் ஒரு சீட்டு எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். கும்பிட்டு வாங்கி இடுப்பில் செருகினேன். வண்டி நகர்ந்ததும் சம்சாரத்திடம், "பாத்தியா, துரை கைப்பட எழுதிக் குடுத்திருக்கார்" என்றேன். "எழுதினதப் படிச்சுப் பாத்தீங்களா?" என்றாள். பெண்களுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. பத்து மணிக்குத் தாலி ஏறியது. அப்பா ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதுவரைக்கும் என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இல்லை. சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். முன்சீப் பெரியப்பா, வழியில் சாவடியில் தொல்லை ஒன்றும் இல்லையே என்று கேட்டார். நான் சும்மா "இல்லைங்க" என்று சொல்லியிருக்கலாம். சீட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பந்தலில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

"சம்பந்தி, இதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"நல்லபடியா எழுதியிருப்பாருங்க."

அவர் தமிழில் படித்துக் காட்டினார். போயிட்டு வரும் பெண், ஒன்று. போயிட்டு வரும் நகைகள், இன்னின்னவை. போயிட்டு வரும் பித்தளைப் பாத்திரங்கள். போயிட்டு வரும் மாடு, கன்றுடன். இவையனைத்தும் இன்று பொழுது சாய்வதற்குள் இதே சாவடி வழியாகத் திரும்பி வரும் என்று, இவற்றைக் கொண்டுபோகிறவர் தன் வாயால் உறுதி சொன்னதன் பேரில் அனுமதிக்கப்படுகிறது. தவறினால் கள்ளச் சரக்காகக் கொள்ளப்படும்.

பந்தலில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. முன்சீப்பின் முகம் கறுத்துவிட்டது. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. துரை கையெழுத்துப் போட்ட உத்தரவு. இவர் துரைத்தனத்துச் சம்பளக்காரர். இவர் வீட்டிலேயே அந்த உத்தரவு மீறப்பட்டால் இவர் வேலை என்ன ஆகும்?

"கழுத்துல மஞ்ச காயல. பொண்ணத் திருப்பிக் கொண்டாறேன்னு நீயே எழுதி வாங்கிகினு வந்திருக்கியேப்பா" என்றார். சம்பந்தி என்று சொன்னவர் 'நீ'க்கு இறங்கிவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். அம்மாவுக்குச் சொன்ன வார்த்தை, வாசற்படி வழக்கம், அப்பா, ஆறு, எல்லாவற்றையும் தலையும் காலும் இல்லாமல் சொன்னேன். பொரிகடலைத் தாளையும் சொல்லிவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதைச் சபை நடுவில், ஒன்றரை வருஷம் கழித்து, ஒப்புக்கொண்டேன். பந்தலின் ஒரு மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தாலி கட்டின அன்றைக்கே வாசல் தாண்டிப் பிறந்த வீட்டுக்குப் போகிற பெண் ஆகிவந்த பெண்ணா, அப்படியே அங்கேயே இருக்கட்டும் என்று அந்தக் குரல் சொன்னது. யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவர் பிற்பாடு எங்களுக்கு நல்லவராகவே இருந்தார், அதனால் பேர் எழுதவில்லை. ஆனால் அந்த வார்த்தை என் நெஞ்சில் விழுந்த இடம் எனக்குத் தெரியும். அப்பா இல்லாத பெண். பதினேழு வயசு. என் வாய்க்கொழுப்பால் அவள் வாழ்வு ஆரம்பிக்கும் முன்னே முடிந்துவிடுமோ என்று மூலநாதரைக் கூப்பிட்டேன்.

மூலநாதர் சமையல் கட்டிலிருந்து வந்தார். மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தியம்மாள், தானும் கைம்பெண் என்று அதுவரை பந்தல் பக்கம் வராதவள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். குட்டையான மனுஷி, பெரிய குரல். விஷயத்தைக் கேட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூலையில் பேசினவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னா இப்ப? நாளைக்கு மறுவூட்டுக்குப் போவப் போறோம். அத இன்னிக்கே போறோம். எம் மருமவ தனியா போவல, எம் புள்ள கூடப் போறான், நான் போறேன், மேளமும் வருது. வண்டியக் கட்டுங்கடா."

மறுவீடு என்றால் தெரியும் அல்லவா? கல்யாணத்துக்கு மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு விருந்துக்குப் போவது. அபசகுனம் என்று எல்லாரும் பயந்த ஒன்றை அந்தப் புண்ணியவதி ஒரே மூச்சில் சீராக மாற்றிவிட்டாள். முன்சீப்பே எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார்.

பிற்பகல் மூன்று மணி வெயிலில் அந்த ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மேளம், நாயனம். மாப்பிள்ளையும் பெண்ணும் கூண்டு வண்டியில். பின்னால் அண்டா, தவலை. அதற்கும் பின்னால் கறவை மாடு. வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், காலையில் அந்தப் பக்கம் போன சீர் சாயங்காலம் இந்தப் பக்கம் வருவதைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தார்கள். நான் மாட்டுக்குப் பின்னால் நடந்தேன். அதற்கு முன்னால் நடக்கும் யோக்யதை எனக்கு இல்லை என்று பட்டது.

சாவடியில் துரை புறப்படத் தயாராகத் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்தவர், காலையில் எழுதிக் கொடுத்த ஒவ்வொன்றும், மாடு கன்று உட்பட, மாலை போட்ட மாப்பிள்ளையோடு வந்து நிற்பதைப் பார்த்தார். முன்சீப் நல்ல இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல துரையின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. கோபம் என்று நினைத்து நான் கும்பிட்டபடி நின்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, முன்சீப் மூலமாக, ஒன்று கேட்டார். உங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் சொல்வீர்களா, போகும்போதே வருவேன் என்று?

"ஆமாங்க" என்றேன்.

அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவருடைய அம்மா கப்பலேற்றி அனுப்ப வந்தபோது தன்னிடம் அப்படி ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று என்று சொன்னதாக முன்சீப் பிற்பாடு சொன்னார். அது அவர் சொன்னதா, முன்சீப் கொஞ்சம் சேர்த்தாரா, எனக்குத் தெரியாது. கேட்டதை எழுதுகிறேன்.

ஆனாலும் சீட்டு சீட்டுத்தான். எல்லாம் பாலத்தைத் தாண்டி பிரெஞ்சு மண்ணில் போய் நின்று, பிறகு புதிதாக உள்ளே வர வேண்டும் என்றார். சரியென்று எல்லாரும் பாலத்தைத் தாண்டினோம். தாண்டியதும் சம்பந்தியம்மாள் அங்கிருந்த புளியமரத்து நிழலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதானே பொண்ணு வூட்டுச் சீமை? மறுவூட்டுக்கு வந்திருக்கோம். விருந்து போடுங்க சம்பந்தி."

என் கையில் என்ன இருக்கிறது? வெறும் கை. என் சம்சாரம் வண்டிக்குள்ளிருந்து ஒரு கூடையை இறக்கினாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சீராகக் கொடுத்தது போக மிஞ்சியதில் எங்கள் அம்மாவுக்கென்று எடுத்து வைத்திருந்த அதிரசமும் முறுக்கும். "உங்க இங்கிலீஷ வெச்சு விருந்து போட முடியாது, இத எடுத்துப் போடுங்க" என்றாள். போட்டேன். நாற்பது பேருக்கு ஆளுக்கு அரை அதிரசம். மாப்பிள்ளை தன் பாதியைப் பாக்கியத்துக்குக் கொடுத்தார். அவள் அன்றைக்கு முதல்முதலாகச் சிரித்தாள். முனுசாமி வாழை இலையில் ஒரு முறுக்கை வைத்துப் பாலத்தைத் தாண்டிப் போய்த் துரைக்குக் கொடுத்தார். கடிக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்டது.

பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான். (சன் கோ டவுன். அன்றைக்கு நான் அறிவிக்கவில்லை.) திரும்பச் சாவடிக்கு வந்தோம். மேஜையில் புதுச் சீட்டு. துரை பேனாவை எடுத்து வைத்துக்கொண்டார். முனுசாமி என் முன்னால் வந்து நின்று, தமிழில், தெளிவாகக் கேட்டார்.

"இப்பவாவது ஒழுங்கா சொல்லு. பொண்ணு போவுதா, போயிட்டு வருதா? ஒரே வார்த்தை. துரை அதத்தான் எழுதுவாரு."

'போவுது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கும் தெரிந்த சொல். வாயைத் திறந்தேன். ஆறு கண்ணில் தெரிந்தது. காலையில் என் கையைப் பிடித்த அம்மாவின் கை தெரிந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தேன். ஒன்றரை வருஷம் மாட்டிடமும் மரத்திடமும் பேசின அந்த வார்த்தை, ரெண்டு பாஷையிலும் எனக்கு வரவில்லை. முன்சீப் பொறுமை இழந்து செருமினார். தான் சொல்லிவிடலாம் என்று அவர் வாயெடுத்தபோது, கூண்டு வண்டியின் திரை விலகியது.

பாக்கியம் இறங்கி வந்தாள். கல்யாணப் பெண் சபையில் நிமிர்ந்து பார்க்காத காலம். அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தாள், ஆனால் மேஜைக்கு நேராக வந்து நின்றாள்.

"எழுதிக்கோங்க" என்றாள். "நான் போறேன்."

என் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் என் பக்கத்தில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"போறேன்னு நான் சொல்லிக்கறேன் அண்ணே. வருவேன்னு நீ அம்மாகிட்ட சொல்லிடு."

துரை எழுதி முத்திரை குத்தினார். தொப்பியைத் தூக்கி அவளுக்கு மரியாதை செய்தார். வண்டி நகர்ந்தது. மாடு மட்டும் மூன்றாவது தடவை அந்தச் சாவடியைத் தாண்ட மாட்டேன் என்று நின்றது. இழுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். 'போறேன்' என்ற இடத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "வருவேன்னாளா?" என்று மட்டும் கேட்டாள். "வருவேன்னா" என்றேன். எழுந்து போய் மூலநாதர் சன்னதியில் ஒரு விளக்கு வைத்தாள். பெண் திரும்பி வரும் வரைக்கும் தினம் வைத்தாள்.

ஆடிக்கு வந்தாள். அப்புறம் தலைப் பிரசவத்துக்கு வந்தாள். பொங்கலுக்கு, மாசி மகத்துக்கு, சும்மா ஒரு நாள் அம்மாவைப் பார்க்க என்று எத்தனை தடவை வந்தாளோ. இங்கிலீஷ்காரன் போனான், அப்புறம் பிரெஞ்சுக்காரன் போனான். (அவர்கள் யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.) சாவடியும் போய், அந்த இடத்தில் இப்போது ஒரு டீக்கடை இருக்கிறது. பாக்கியம் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாரும் வாசற்படியில் 'போறேன்' என்று சொல்வதில்லை, அவள் ஒருத்தியைத் தவிர. கிளம்பும்போது படியில் நின்று, என்னைப் பார்த்து, "எழுதிக்கோங்க, நான் போறேன்" என்பாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "போயிட்டு வரும் பெண், ஒன்று" என்பார்கள். அதைக் கேட்காமல் அவள் வண்டி ஏறியதே இல்லை. அம்மா இருந்தவரைக்கும், கடைசி வருஷங்களில், அம்மாவும் பிள்ளைகளோடு சேர்ந்து சொன்னாள்.

சம்பந்தியம்மாள் தவறிப் பல வருஷம் ஆகிறது. அவள் திதியன்று இங்கே எங்கள் வீட்டிலும் ஒரு இலை போட்டு, அதில் அரை அதிரசம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நான் சாப்பிடுகிறேன். முன்சீப்புக்கும் முனுசாமிக்கும் விளக்குப் போடுகிறேன். பேர் தெரியாத அந்தத் துரைக்கும் சேர்த்து ஒரு திரி. அவர் தன் அம்மாவிடம் திரும்பிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

இந்தக் கதை என் கையை மீறி ஊரில் வளர்ந்துவிட்டது. பாக்கியத்தின் பேரன் சொல்லும் கதையில் துரை நாற்காலியிலிருந்து விழுகிறார். என் மச்சான் வீட்டுக் கதையில் மாடே இங்கிலீஷ் பேசுகிறது. இன்னொரு இடத்தில், சம்பந்தியம்மாள் என்னைத் துடைப்பத்தால் அடித்ததாகச் சொல்கிறார்களாம். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் கூட்டிச் சொல்லட்டும், நான் பட வேண்டியதுதான். அந்த அம்மாள் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதை மட்டும் மாற்றாதீர்கள். இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால், அவள் சொன்னதை அவள் சொன்னபடியும், என் தங்கச்சி சொன்னதை என் தங்கச்சி சொன்னபடியும், இங்கே இருக்கிறபடியே சொல்லும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் பாக்கியம் வந்திருந்தாள். மூன்றாவது நோட்டு வாங்கியிருக்கிறேன், இதை எழுதட்டுமா, உனக்கு ஒன்றும் வருத்தமில்லையே என்று கேட்டேன். அவள் படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோ அண்ணே" என்றாள். "நான் போறேன்."